கிடங்கு, ஆலை வளாகத்தில் பூட்டுத் தகராறு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

அரிசி ஆலை, நெல் கிடங்கு, அலுவலகம், எடைமேடை, ஊழியர் குடியிருப்பு எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தால் பூட்டுகளின் எண்ணிக்கை சுலபமாக நூறைத் தாண்டிவிடும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வழக்கமாகப் பராமரிப்பு மேற்பார்வையாளர் தலையில் விழும். அவருக்குப் பூட்டு வேலை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் குறிப்பு அவருக்காக. பூட்டைப் பிரித்து மாட்டும் வித்தை இதில் இல்லை. பூட்டு ரிப்பேர்காரர் வருவதற்கு முன் எதைப் பார்ப்பது, வந்தபின் பக்கத்தில் நின்று எதைக் கவனிப்பது, போனபின் எதை எழுதிவைப்பது என்பதுதான் விஷயம். தவிடு, உமி பற்றிய பகுதியை விட்டுவிட்டால் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும்கூட இது பொருந்தும்.

"பூட்டு கெட்டுப்போச்சு சார்" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் பூட்டுக் கோளாறே இருக்காது. கதவு இறங்கியிருக்கும், சாவி தேய்ந்திருக்கும், இல்லை யார் கையில் எந்தச் சாவி இருக்கிறது என்பதே தெரியாமல் இருக்கும். கதவு, சாவி, சாவிப் பதிவேடு, அப்புறம் பூட்டு என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை

கேட்க வேண்டிய முதல் கேள்வி: கதவு திறந்திருக்கும்போதும் இந்தத் தகராறு வருகிறதா, மூடினால் மட்டும் வருகிறதா? திறந்த கதவில் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பி, மூடிய கதவில் மட்டும் முரண்டு பிடித்தால் பூட்டில் குற்றமில்லை. அடுத்த பகுதிக்குப் போங்கள். திறந்த நிலையிலும் திரும்பவில்லை என்றால், சாவிப்பெட்டியில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் முதல் சாவி தேய்ந்திருக்கிறது. இரண்டுமே திரும்பாவிட்டால்தான் பூட்டுக்கு உள்ளே பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கும் என்பது அந்தக் கதவு வளாகத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆலைப் பக்கம் என்றால் பெரும்பாலும் தவிடு. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் உண்டு. அதனால் அது சாதாரணத் தூசு மாதிரி உதிர்ந்து போகாது. சாவித்துளைக்குள் போய் அப்பிக்கொள்ளும், நாள்பட்டால் சிக்குப் பிடித்து, உள்ளே சாவிக்கு ஏற்ப ஏறி இறங்கும் பின்களையும் ஸ்பிரிங்கையும் ஒட்டவைத்துவிடும். உமித்தூள் வேறு ரகம். அதில் சிலிக்கா அதிகம். உப்புத்தாள் வேலையைச் செய்து பித்தளைப் பின்களைத் தேய்க்கும். இரண்டும் சேர்ந்த இடம் ஆலையின் பின்பக்கக் கதவு. மற்ற கதவுகளில் பல வருஷம் உழைக்கும் பூட்டு அங்கே பாதிக் காலம் தாங்கினால் பெரிது.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது தேங்காய் எண்ணெய் விடுவது. அன்றைக்குத் திறக்கும். அடுத்த மாதம் முன்னைவிட மோசமாகும், ஏனென்றால் எண்ணெய் இன்னும் கொஞ்சம் தவிட்டைப் பிடித்துவைக்கும். மெஷின் ஆயிலும் அப்படித்தான். சரியான வழி, முதலில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து உள்ளே இருப்பதைக் கழுவி வெளியே கொண்டுவருவது. சாவித்துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டைப் பிடித்து அடித்தால் கறுப்புத் தண்ணீராக ஒழுகும். தெளிவாக வரும்வரை அடிக்க வேண்டும். காய்ந்தபின் உலர் மசகு போட வேண்டும்: டெஃப்லான் ஸ்பிரே, அல்லது கிராஃபைட் தூள். அவசரத்துக்கு 2பி பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்துப் பத்துத் தடவை உள்ளே வெளியே விட்டு எடுத்தாலும் போதும். பென்சில் முனையில் இருப்பதும் கிராஃபைட்தான். எண்ணெய் இருக்கும் பூட்டில் கிராஃபைட்டைக் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மை மாதிரி கெட்டியாகிவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வளாகம் என்றால் தவிட்டுக்கு முன்னால் உப்புக்காற்றைச் சந்தேகப்படுங்கள். இரும்பு வளையம் போட்ட தொங்கு பூட்டு அங்கே ஒரு மழைக்காலத்தில் துருவேறும். பித்தளை உடம்பும் ஸ்டெயின்லெஸ் வளையமும் கொண்ட பூட்டு, சாவித்துளைக்கு மூடி இருப்பதாகப் பார்த்து வாங்கினால் செலவு ஒரு தடவையோடு போகும். பளபளவென்று குரோம் பூசியதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பூச்சுக்கு அடியில் என்ன உலோகம் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் பூட்ட முடியவில்லை

ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை இந்தப் புகார்தான் அதிகம். சித்திரையில் ஒழுங்காக இருந்த கதவு, அடைமழையில் மரம் ஊறி நிலையை உரசும். மரக்கதவு மட்டுமா என்றால் இல்லை, இரும்புக் கதவும் தகராறு பண்ணும். டெல்டாவின் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நிற்கும் லேசான கட்டடத்தில் நிலை கொஞ்சம் கோணினாலும் பூட்டின் நாக்கு, நிலையில் அடித்திருக்கும் தகட்டின் துளைக்கு நேராக வராது.

சோதனை எளிது. கதவின் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு பூட்டிப் பாருங்கள். பூட்டிக்கொண்டால் கதவு இறங்கியிருக்கிறது, கீலைப் பாருங்கள். உள்பக்கம் தள்ளிப் பிடித்தால் பூட்டுகிறது என்றால் தகடு முன்பின் மாற வேண்டும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் இதற்குக் கையாளும் முறை எனக்குப் பிடிக்கும். பையில் ஒரு சின்ன டப்பாவில் எண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்திருப்பார். நாக்கின் முனையில் ஒரு விரல் தடவி, கதவை மூடி, சாவியை மெல்லத் திருப்புவார். திறந்தால் தகட்டில் சிவப்பாக ஒரு தடம் இருக்கும். துளைக்கு எத்தனை நூல் கீழே அடிக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். போன வருஷம் ஒரு கிடங்குக் கதவில் இப்படிப் பார்த்துவிட்டு, அரத்தோடு தயாராக நின்ற எங்கள் பையனிடம், "தம்பி, தகட்டை ராவாதே. மேல் கீலில் மூணு ஸ்க்ரூவும் ஆடுது பாரு" என்றார். ஸ்க்ரூவைக் கழற்றினால் துளையில் மரம் மாவாகக் கொட்டியது. கெட்டியான மரக்குச்சியைப் பசையோடு அறைந்து, நீளமான ஸ்க்ரூ போட்டதும் கதவு தன் இடத்துக்கு ஏறிவிட்டது. பூட்டில் கைவைக்கவே இல்லை.

தகட்டை அரத்தால் ராவுவது கடைசி வழி. மழையில் ராவிய துளை வெயில் காலத்தில் பெரிதாகிக் கதவு லொடலொடக்கும். அந்த இடைவெளியில் ஒரு கடப்பாரை நுனி நுழையும். மரக்கதவின் ஓரத்தை இழைக்க வேண்டுமென்றாலும் மழை முடியட்டும். இழைத்த ஓரத்துக்கு உடனே வார்னிஷோ பெயின்டோ அடிக்காவிட்டால் அடுத்த ஐப்பசியில் அதே கதைதான்.

சாவி உள்ளேயே முறிந்துவிட்டது

முறிந்த துண்டு வெளியே துளி தெரிந்தால் மெல்லிய இடுக்கியால் நேராக இழுங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஃபெவிக்விக் தடவிய குச்சியை உள்ளே விடும் யோசனையை யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரை அங்கிருந்து அனுப்பிவிடுங்கள். அதற்கென்று மெல்லிய கொக்கிக் கம்பி பூட்டுக்காரரிடம் இருக்கும், நொடியில் எடுத்துவிடுவார். முறிந்த இரண்டு துண்டுகளையும் வாங்கி வையுங்கள். ஒன்று, மொத்தத் துண்டும் வந்ததா என்று சேர்த்துப் பார்க்கலாம். இன்னொன்று, அது குப்பைக்குப் போனாலும் சாவிதான். சேர்த்து வைத்துப் பார்த்து நகல் எடுத்துவிடலாம்.

புது நகல் சாவி சரியாகத் திறக்கவில்லை

நகலின் நகலாக இருக்கும். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் மெஷின் ஒரு துளி விலகும். வாட்ச்மேன் கொத்திலிருந்த தேய்ந்த சாவியைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் வெட்டினால், அந்தத் தேய்மானத்தோடு சேர்த்துத்தான் நகல் வரும். பூட்டு வாங்கிய அன்றே ஒரு சாவியைப் புழங்காமல் உறையில் போட்டு வைத்து, நகல் எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். புது நகல் கைக்கு வந்ததும் கதவில் போட்டுச் சோதித்த பிறகே பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஒரு கதவின் சாவி இன்னொரு கதவையும் திறக்கிறது

இதைச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சிரிக்கிற விஷயம் இல்லை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மலிவான தொங்கு பூட்டுகளில் சாவி வகைகள் குறைவு. ஒரே பெட்டியில் மொத்தமாக வாங்கினால் இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி அமைந்துவிடலாம். வாங்கியதும் சாவிகளை ஒன்றோடொன்று பக்கவாட்டில் சேர்த்துப் பாருங்கள், பல் ஒத்துப்போனால் தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் தேய்மானம். லிவரோ (சாவி தூக்கிவிடும் உள்தகடு) பின்னோ தேய்ந்த பூட்டு கிட்டத்தட்டப் பொருந்தும் எந்தச் சாவிக்கும் இணங்கும். அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, பல பூட்டுகளை ஒரே சாவியால் திறக்கும் மாஸ்டர் சாவி ஏற்பாடு. சாதாரண சிலிண்டரில் (சாவி நுழைந்து திரும்பும் உருளையில்) ஒவ்வொரு பின்னும் தனக்கென்று உள்ள ஒரே உயரத்தில்தான் விலகி வழிவிடும். மாஸ்டர் சாவிக்கும் திறக்க வேண்டும் என்பதற்காகப் பின்னை இரண்டாக வெட்டிப் போடும்போது, விலகும் உயரங்கள் கூடுகின்றன. கூடக்கூட, நாம் நினைக்காத சாவிக்கும் திறக்கும் வாய்ப்பு வளர்கிறது, கள்ளத்தனமாகத் திறப்பதும் சுலபமாகிறது. ஆகவே எல்லாக் கதவையும் ஒரே மாஸ்டருக்குள் கொண்டுவருவது வசதி என்று நிர்வாகம் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அலுவலகத்துக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். பணப்பெட்டி அறை, சரக்குக் கிடங்கு, சாவிப்பெட்டி ஆகிய மூன்றும் எந்த மாஸ்டரிலும் சேரக்கூடாது என்பது என் கட்சி.

பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, உள்ளே மூட்டை குறைகிறது

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். பூட்டை உடைக்காமல் உள்ளே போக மூன்று வழி உண்டு.

கொண்டியை முதலில் பாருங்கள். கதவை மூடிப் பூட்டியபின் வெளியே நின்றுகொண்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கையில் இருந்தால் எதைக் கழற்ற முடியும் என்று யோசியுங்கள். கொண்டியின் ஸ்க்ரூ வெளியே தெரிந்தால் விலை உயர்ந்த பூட்டு வாங்கிய காசு வீண். உருண்டைத் தலை போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்க வேண்டும், இரும்புக் கதவானால் வெல்டிங் வைக்க வேண்டும். நாதாங்கியும் கதவு நிலையில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஆட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளியே இருக்கும். அதை உருவிவிட்டால் பூட்டு இருந்தபடி இருக்கக் கதவு மறுபக்கமாகத் திறந்துகொள்ளும். ஊசியின் முனையில் ஒரு புள்ளி வெல்டிங் போதும்.

அடுத்தது, பூட்டு மாற்றும் தந்திரம். அறுவடை சமயத்தில் லாரி மாற்றி லாரி நிற்கும்போது கிடங்குக் கதவு காலையிலிருந்து இரவுவரை திறந்தே கிடக்கும். பூட்டு, திறந்த நிலையில் நாதாங்கியில் தொங்கும். அதே கம்பெனி, அதே அளவுப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து யாராவது மாற்றி மாட்டிவிட்டால் தெரியாது. தொங்கு பூட்டை அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் என்பதால் வாட்ச்மேன் இரவு சாவி போட்டுப் பார்க்க மாட்டார். நடுச்சாமத்தில் அவன் தன் சாவியால் திறந்து, வேலை முடிந்ததும் நம் பூட்டையே திரும்ப மாட்டிவிட்டுப் போவான். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இதற்கு இரண்டு பழக்கம் போதும்: கதவைத் திறந்ததும் பூட்டை நாதாங்கியிலேயே பூட்டிவைப்பது, இரவு பூட்டியபின் ஒரு தடவை சாவியால் திறந்து மறுபடி பூட்டுவது. பூட்டின் அடியில் எண் குத்தி, அதையும் பதிவேட்டில் எழுதுங்கள். திண்டுக்கல் பூட்டில் சாவி போட்டால்தான் பூட்டும் ரகங்கள் கிடைக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. கிடங்குக்கு அந்த ரகம் எனக்கு உசத்தி.

மூன்றாவது வழி, நம் சாவியே. டீக்கடைக்குப் போகிறபோது மேசைமேல் கிடக்கும் கொத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்தாலே நகல் வெட்டப் போதும். சாவி வில்லையில் "கிடங்கு 3" என்று எழுதி மாட்டாதீர்கள். ஒரு எண் மட்டும் இருக்கட்டும், அந்த எண் எந்தக் கதவு என்பது பதிவேட்டுக்கு மட்டும் தெரியட்டும். சில கம்பெனிச் சாவிகளில் வெட்டுக்கான குறியீட்டு எண்ணே அச்சாகியிருக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு சாவியிலிருந்து ராவி அழித்துவிடுங்கள்.

சாவி தொலைந்துபோனது

எங்கே தொலைந்தது என்பதைவிட, கண்டெடுத்தவனுக்கு அது எந்தக் கதவு என்று தெரியுமா என்பதே முக்கியம். வில்லையில் பெயர் எழுதியிருந்தாலோ, வளாகத்துக்கு உள்ளேயே தொலைந்திருந்தாலோ அன்று இரவுக்குள் பூட்டை மாற்றுங்கள். ஆற்றில் குளிக்கும்போது விழுந்தது என்று ஆள் சத்தியம் செய்தாலும் மாற்றுவதே நல்லது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

கையில் புது சிலிண்டர் இல்லையென்றால் ஒரு தற்காலிக வழி: ஒரே மாதிரி சிலிண்டர் உள்ள இரண்டு தூரத்துக் கதவுகளை, உதாரணமாக எடைமேடை அறையையும் குடியிருப்பு ஸ்டோரையும், ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டச் சொல்லுங்கள். தொலைந்த சாவி பழைய கதவில் வேலை செய்யாது. பதிவேட்டில் அன்றே மாற்றி எழுதாவிட்டால் அடுத்த வாரம் நீங்களே குழம்பிப்போவீர்கள்.

மாஸ்டர் சாவி தொலைந்தால் பேச்சே இல்லை. அந்தத் தொகுதியில் உள்ள எல்லா சிலிண்டரும் மாற வேண்டும். மாஸ்டர் சாவி வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது, ஷிஃப்ட் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று கறாராக இருப்பது இதற்காகத்தான்.

பூட்டுக்காரர் வந்துவிட்டார், நீங்கள் என்ன செய்வது

எந்தக் கதவு, என்ன அறிகுறி, யார் புகார் சொன்னது என்று ஒரு வேலைச்சீட்டு எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இல்லாத கதவை அவர் தொட வேண்டாம். "அப்படியே அந்தக் கதவையும் பாத்துடுங்கண்ணே" என்று கூப்பிடுகிற ஊழியர் யாராக இருந்தாலும் தனிச் சீட்டு வேண்டும். அந்த அறைக்கு அவருக்கு உரிமை இருக்கிறதா என்று பூட்டுக்காரருக்குத் தெரியாது.

திறப்பதற்கு முன் கதவில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மருந்து போட்டு மூடிய கிடங்கை, சாவி தொலைந்தது என்று பூட்டுக்காரரை வைத்துத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது பாஸ்பீன் வாயு, ஆளைக் கொல்லும். மருந்து போட்டவர் வந்து காற்றோட்டம் விட்டு அளந்து சரி என்று சொன்னபின்தான் மற்றவர் நெருங்கலாம். அதேபோல மோட்டார் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கினால் யாரோ மெஷினுக்குள் கை வைத்து வேலை செய்கிறார் என்று அர்த்தம். சாவி காணோம் என்று அதை வெட்டச் சொல்லி ஷிஃப்ட் ஃபோர்மேன் அவசரப்படுத்துவார். பூட்டுப் போட்டவரை நேரில் கண்டுபிடிக்கும்வரை கட்டர் பையைவிட்டு வெளியே வரக்கூடாது. இந்தப் பூட்டுகளுக்கு மாஸ்டரும் கிடையாது, இரண்டாவது சாவியும் கிடையாது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிரில் போட வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் சொல்வார். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாச் சாவியையும் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் மூடிப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால், புதுப் பூட்டு வேலை செய்யாத கதவுக்கு வெளியே நீங்கள் நிற்க நேரிடும். கழற்றிய பழைய சிலிண்டர், பழைய சாவி, சரியாக வராத நகல் எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். சிலிண்டர் பின்களின் அளவு எழுதிய தாள் இருந்தால் அது அவர் நோட்டில் இருக்கக்கூடாது, உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் நல்ல பூட்டுக்காரர் கோபப்பட மாட்டார். நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் முதலில் தன்மேல் சந்தேகம் வரும் என்று அவருக்கும் தெரியும்.

உள்ளே இருப்பவரால் வெளியே வர முடியவில்லை

இதற்குத் தனிச் சோதனை கிடையாது. ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் எந்த வெளிவழியும், சாவி தேடாமல் உள்ளிருந்து ஒரே அமுக்கில் திறக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து பின்வாசலில் சங்கிலி போடுகிறவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த ஊர்ப்பக்கம் இது. சங்கிலியை எடுத்துவிட்டு அமுக்குத் தண்டு வைத்த கதவும் அலாரமும் போடச் சொல்லி எழுதிக்கொடுங்கள். எழுத்தில் கொடுங்கள்.

கரண்ட் போனால் மின்பூட்டு திறந்துவிடுகிறது, அல்லது திறக்கவே இல்லை

இரண்டும் கோளாறு இல்லை; வாங்கும்போதே அப்படி வாங்கியிருக்கிறார்கள். காந்தப் பூட்டு மின்சாரம் இருந்தால்தான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். மற்ற ரகத்தில் மின்சாரம் போனால் பூட்டியபடி நிற்பதும் உண்டு. ஆள் வெளியேறும் வழியில் முதல் ரகமும், சரக்கு அறையில் இரண்டாவது ரகமும் இருக்கிறதா என்று ஒருநாள் மெயினை அணைத்துப் பாருங்கள். யூபிஎஸ் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதையும் அப்போதே கடிகாரம் வைத்துக் குறியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எந்த பேட்டரியும் அவ்வளவு தாங்காது. அதனால் ஒவ்வொரு மின்பூட்டுக் கதவுக்கும் சாதாரணச் சாவி ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்தச் சாவிகளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் மேலாளர் கையெழுத்து வாங்கி, வாட்ச்மேன் அறைப் பெட்டியில் வையுங்கள். உறை பிரிந்திருந்தால் யார், எப்போது, எதற்கு என்று பதிவேட்டில் அதே தேதியில் ஒரு வரி இருக்க வேண்டும்.